ஒரு வரியை மட்டும் நீக்குங்கள்

கிவி துறை, வட மிச்சிகன்
மார்ச் 9, 1997

அன்பு மகள் கைசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜெர்மனியில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய், படை மருத்துவமனையில் உனக்கு நல்ல பெயர் என்று உன் சிநேகிதி டோரீன் சொன்னாள். உன் முகவரியும் அவளிடம் வாங்கியதுதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் நச்சரித்த நச்சரிப்பில் அவள் கொடுக்காமல் இருந்திருக்க முடியாது.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை இறுகிக் கிடக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் எடித் ஓய்வு பெற்றுவிட்டதால் பெரிய அடுப்பு முழுக்க என் தலையில்தான். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மீனை இப்போதும் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள். நீ வைத்ததுபோலவே.

உன் அப்பா இந்தக் குளிர்காலம் பனி தள்ளும் வண்டியை ஓட்டவில்லை. நவம்பரிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் சளி என்றார். பிறகு வயசு என்றார். நாற்பத்தெட்டு ஒரு வயசா என்று கேட்டேன். கடைசியில் ஹான்காக் ஊர் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் இருப்பதைப் பெரிய இடத்தில்தான் பார்க்க வேண்டும், வியட்நாம் போனவர் என்றால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். போனோம். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் அப்பாவின் ராணுவ விடுவிப்புச் சான்றைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இந்த மாதிரி டிஸ்சார்ஜுக்கு இங்க வைத்தியம் கிடையாதுங்கம்மா,” என்றாள். உன் அப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “அவங்க மேல தப்பில்ல, வா,” என்று கிளம்பிவிட்டார்.

அந்தச் சான்றைப் பற்றி நீயும் நானும் பேசி ஏழு வருடம் ஆகிறது. கல்லூரி உதவித்தொகைக்காக நீ அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ‘விரும்பத்தகாதவர்’ என்ற சொல்லை நீ சத்தமாக வாசித்தாய். அதற்குப் பிறகு நீ அவரைச் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. என்னிடமும் பேசியதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே, “ராணுவத்துல எனக்கு நல்ல பேர் இல்ல, அது தெரிஞ்சுதான் நீ சம்மதிக்கணும்,” என்று மட்டும் சொன்னார். நான் சம்மதித்தேன். அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

இப்போது எழுத வந்த விஷயம். வெர்னான் ஷாலிஃபூவை உனக்கு ஞாபகம் இருக்கும். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓஜிப்வே பழங்குடியினர் குடியிருப்பில் இருப்பவர், உன் பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தாரே. அவர் இப்போது மாவட்ட அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். நான் அப்பாவுக்குத் தெரியாமல் அவரிடம் போனேன். ராணுவப் பதிவில் பிழை இருந்தால் அதைத் திருத்த வாஷிங்டனில் ஒரு குழு இருக்கிறதாம். முழுக் கோப்பையும் வரவழைத்துப் பார்ப்போம் என்றார். அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. என் முகத்துக்காகப் போட்டுக் கொடுத்தார்.

கோப்பு போன வாரம் வந்தது. வெர்னான் நம் வீட்டு மேசையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். வெள்ளத்தின்போது அணியை விட்டு ஓடிப்போனவர், துறைமுக நகரத்துச் சாராயக் கடையில் குடித்துவிட்டுச் சண்டை போட்டுப் பிடிபட்டவர், இடது முன்கையில் கழுகு பச்சை குத்தியவர் என்று இருந்தது. வெர்னான் படிப்பதை நிறுத்திவிட்டு, “யோவ் அர்வோ, சட்டையை மடிச்சுக் கையைக் காட்டு,” என்றார். அப்பா காட்டினார். உனக்குத் தெரியாதா, அந்தக் கையில் மீன் தூண்டில் கிழித்த தழும்பைத் தவிர என்ன இருக்கிறது? வெர்னானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கழுகு எங்கய்யா பறந்து போச்சு? உங்க சபைக்காரங்க கல்யாணத்துல காப்பியத் தவிர எதையும் தொட மாட்டீங்க. நீ சாராயக் கடையில சண்டை போட்டேன்னு எழுதியிருக்கான் பாரு, அவனுக்கு எந்த ஊர்?” என்றார்.

வேறு யாரோ ஒருவனைப் பற்றிய அறிக்கை அப்பா பெயருக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நாளும் அப்படியே இருந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. ஆனால் அப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எழுந்துபோய் சௌனா நீராவிக் குளியலறைக்கு விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். இருமிக்கொண்டே பிளந்தார். நான் பின்னாலேயே போய், “நீங்க குடிச்சீங்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். “அப்ப ஏன் அன்னைக்கே மறுக்கல?” என்றேன். கோடரியைக் கட்டையில் நிறுத்திவிட்டு, “மறுக்க முடியாதது வேற ஒண்ணு இருக்கு, ஐலி,” என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நேற்று சாப்பிடும்போது அவராகவே, “அங்க நான் ஒரு பரிசல்ல இருந்தேன்,” என்றார். ஒரு கிராமத்தின் பெயரையும், தியெப் என்று ஒரு மனிதரின் பெயரையும் சொன்னார். பிறகு உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார்.

நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படித்தால் போதும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
ஐலி ஹைத்தலா


கிவி துறை
அக்டோபர் 19, 1997

என் கைசாவுக்கு,

உன் அட்டை வந்தது. இரண்டு வரிதான் என்றாலும் உன் கையெழுத்து. ‘என்ன நடந்தது என்று எழுதுங்கள், அம்மா’ என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். இதை ஒரே மூச்சில் எழுத என்னால் முடியவில்லை, மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மை மாறியிருப்பது அதனால்தான்.

வெர்னான் அந்தக் கிராமத்தின் பெயரையும் தியெப் என்ற பெயரையும் வைத்துக்கொண்டு, வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருக்கிற ஊர்களின் மாதாகோவில்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். பூசை முடிந்ததும் அறிவிக்கும்படி கேட்டிருக்கிறார். கோடை முழுக்க ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் லியென். “தியெப் எங்க மாமா. நாற்காலி செய்யிற தொழிற்சாலையில வேலை பார்க்குறார். கோவில்ல அறிவிச்சதும் எழுந்து நின்னுட்டார், உக்காரவே மாட்டேங்குறார்,” என்றாளாம். நம் வீட்டிலிருந்து ஒரு பகல் பயணத்தில் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறார்.

குழு நேரில் விசாரிப்பது அபூர்வமாம். தியெப்பின் சாட்சி இருந்ததால் அழைத்தார்கள். செப்டம்பர் கடைசியில் வெர்னானின் காரில் வாஷிங்டன் போனோம். அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். இப்போது அது அவருக்குத் தொளதொளவென்று இருக்கிறது. வழியெல்லாம் வெர்னான் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அறிக்கை உன்னோடது இல்ல, முடிஞ்சுது. நீயா எதையும் எடுத்து விடாத. காலைச் சுத்தின பாம்பை உதறிட்டோம், திரும்ப எடுத்துக் கழுத்துல போட்டுக்காத,” என்றார். அப்பா ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தியெப்பைத் தாழ்வாரத்தில் வைத்துத்தான் முதலில் பார்த்தோம். குட்டையான மனிதர், தலை நரைத்துவிட்டது, பக்கத்தில் மருமகள் லியென். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தியெப் வந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அண்ணே,” என்றார். அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உன் அப்பா என்ன கேட்டார் தெரியுமா? “உங்க பரிசல் என்ன ஆச்சு?” என்று கேட்டார். லியென் மொழிபெயர்த்துச் சொன்னதும் தியெப் முகம் மலர்ந்து, “அதுக்கப்புறமும் அதுலதான் மீன் பிடிச்சோம்ணே. ஒரு பக்கம் மட்டும் ஒழுகும்,” என்றார். எனக்கு முன்னால் நிற்பது யார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை, கைசா. நான் சமைத்துப் போட்ட, துணி துவைத்துப் போட்ட மனிதர்தானா இவர்?

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வயதான ஒரு பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். முதலில் தியெப்பைப் பேசச் சொன்னார்கள்.

மழை விடாமல் கொட்டி ஆறு உடைத்துக்கொண்டு வந்ததாம். ஊர் மொத்தமும் தண்ணீருக்குள். ஆட்கள் கூரைமேல். மேட்டுச் சாலையில் ராணுவ லாரிகள் வரிசையாக நின்றன. பாலம் போய்விடும், உடனே முகாமுக்குத் திரும்புங்கள் என்று உத்தரவு. ஒவ்வொரு லாரியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கடைசி லாரியிலிருந்து ஒரு ஆள் குதித்து இறங்கி வந்தாராம். தியெப்புக்கு அப்போது இருபது வயது. அவரும் அவர் அப்பாவும் தங்கள் பரிசலைத் தண்ணீரில் இறக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். வேகத்தில் பரிசல் சுழன்று சுழன்று கரைக்கே வந்தது. “அண்ணனுக்கு எங்க பாஷை தெரியாது. எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. தார்ப்பாய் கட்டுற கயித்தை எடுத்தார். ஒரு நுனியை மேட்டுல இருந்த புளியமரத்துல கட்டினார். இன்னொரு நுனியை இடுப்புல கட்டிக்கிட்டுத் தண்ணியில விழுந்தார்,” என்றார் தியெப்.

பாக்கு மரம் பாக்கு மரமாகப் பிடித்து நீந்திப்போய் மாதாகோவில் கோபுரத்தில் கயிற்றைக் கட்டியிருக்கிறார். அதன் பிறகு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பரிசலைக் கொண்டுபோய் வந்திருக்கிறார்கள். கோபுரத்திலிருந்து அடுத்த கூரை, அதிலிருந்து அடுத்தது. இருட்டினால் கூரைமேலேயே உட்கார்ந்திருப்பார்களாம். வெளிச்சம் வந்ததும் மறுபடி. சாப்பாடு என்று ஒன்றும் இல்லை. ஒரு கிழவி இடுப்பில் முடிந்து வைத்திருந்த பச்சை அரிசியை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாளாம்.

குழுவில் ஒருவர், எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள் என்று கேட்டார். தியெப் யோசித்துவிட்டு, “எண்ணலைங்க. கடைசியில மேட்டுல ஏறி நின்னு திரும்பிப் பார்த்தேன். எங்க ஊர் அங்க இருந்துச்சு,” என்றார்.

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நம் ஏரியின் அலையில் அப்பா படகு செலுத்துவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போவாரே. அந்தக் கைகளா இவை என்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கதையோ போல.

அதன் பிறகு நடுவில் இருந்த பெண்மணி, “திரு ஹைத்தலா, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்டார். வெர்னான் மேசைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. அப்பா எழுந்து நின்றார்.

“அந்தக் குடிச்ச அறிக்கை என்னோடது இல்லம்மா. அந்த ஒரு வரியை மட்டும் நீக்குங்க. ராணுவத்துலேருந்து எங்கம்மாவுக்கு அப்படித்தான் கடிதம் போச்சு, அதை நம்பிக்கிட்டேதான் செத்தாங்க. ஆனா அணியை விட்டுப் போனேன்னு ஒரு வரி இருக்கே, அது இருக்கட்டும். அது நிஜம்,” என்றார்.

வெர்னான் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் என்று கேட்டார். அப்போதுதான், கைசா, இருபத்தேழு வருடமாக வெளியே வராதது வந்தது. நான் அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“லாரியில என்கூட ஹார்லன்னு ஒருத்தன் இருந்தான். ஹார்லன் ஸ்டிட். கென்டக்கிப் பையன். வெள்ளத்துல வண்டி ஓட்டணும்னா ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் முன்னால இறங்கிக் கழியால ரோட்டைக் குத்திப் பார்த்துக்கிட்டே நடக்கணும். முன்னால நடக்குறது என் வேலை. நான் சாவியை அவன் கையில குடுத்துட்டு, மத்த வண்டிங்க பின்னாலேயே போயிடுன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். திரும்பி வந்தப்போ, ரோடு அறுத்துக்கிட்டு லாரியோட போயிட்டான்னு சொன்னாங்க. முன்னால நடக்க ஆள் இல்ல. நான் இருந்திருக்கணும். அவன் சாவுக்கு யாராவது எனக்குத் தண்டனை குடுக்கணும்னு நெனச்சேன். அவங்க வேற காரணத்துக்குக் குடுத்தாங்க. பரவாயில்லன்னு வாங்கிக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நான் தண்ணீரை நீட்டினேன்.

இதையெல்லாம் லியென் தன் மாமாவின் காதில் மெல்ல மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முடித்ததும் தியெப் எழுந்தார். அவருடைய முறை முடிந்துவிட்டது என்று ஒருவர் சொல்லப் போனார். அந்தப் பெண்மணி கையை உயர்த்தித் தடுத்தார். தியெப் குழுவைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு, வேகமாக, அழுகிற மாதிரி பேசினார். லியென் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள்.

“அண்ணே, அந்தச் செம்பட்டை முடிக்காரர்தானே? அவர் போகலண்ணே. மத்த லாரியெல்லாம் போச்சு. அவர் போகல. நாம பரிசல்ல கொண்டு வந்து மேட்டுல விட்டோமே, அவங்களை யாரு மலைமேல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாங்கன்னு நெனச்சீங்க? அவருதான். என் தங்கச்சி ஹான் அந்த லாரியிலதான் போனா. குளிருதுன்னு அவரு சட்டையைக் கழட்டி அவளுக்குப் போட்டார். இறக்கி விட்டுட்டு மறுபடி வந்தார். மறுபடி ஏத்திட்டுப் போனார். அதுக்கப்புறம் வரல. முகாமுக்குத் திரும்பிட்டார்னு நாங்க நெனச்சுக்கிட்டோம். இத்தனை நாளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தோம்.”

அப்பா தியெப்பிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அவன் போய் வந்தது அந்தப் பள்ளிக்கூட ரோட்டுலயா?” என்றார். தியெப் தலையை ஆட்டினார்.

எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நம் ஏரியில் புயல் வந்து கலங்கரை விளக்கத்தை மூடி அலை எழும்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் எனக்கு வந்த நடுக்கம் அப்போதெல்லாம் வந்ததில்லை. இரண்டு பையன்கள், கைசா. இப்போது உனக்கு இருக்கும் வயதுகூட அவர்களுக்கு இல்லை. ஒருவன் தண்ணீருக்குள் இருந்தான், ஒருவன் சாலையில் இருந்தான். போ என்று சொன்னவனுக்கு, அவன் போகவில்லை என்பது இத்தனை வருடமாகத் தெரியாமலேயே போய்விட்டது.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வெர்னான் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுக் காரை எடுக்கப் போனார். நானும் அப்பாவும் படிக்கட்டில் நின்றோம். அப்பா, “ஹார்லன் திரும்பி வந்திருக்கான், ஐலி,” என்றார். முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

தியெப்பும் லியெனும் எங்களோடு சாப்பிட்டார்கள். தியெப் அப்பாவின் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்பா எவ்வளவு சாப்பிட்டார் தெரியுமா? பல மாதத்துக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டார்.

முடிவு வரக் கொஞ்ச காலம் ஆகுமாம். வந்ததும் எழுதுகிறேன். உனக்கு வெள்ளாட்டு ரோமத்தில் ஒரு சால்வை பின்னியிருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன்.

உன் அம்மா


கிவி துறை
ஜனவரி 25, 1998

அன்பு கைசா,

கிறிஸ்துமஸுக்கு நீ போன் செய்தபோது அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். தூங்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து உன் குரல் போனில் கசிவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசுங்கள் என்று சைகை செய்தேன். இருமல் வந்துவிடும், பிள்ளை பயந்துவிடுவாள் என்று கையை ஆட்டினார்.

முடிவு வந்துவிட்டது. வெர்னான் தானே எடுத்துக்கொண்டு வந்தார், பனிப்புயலில், இரண்டு இடத்தில் வண்டி மாட்டி. வாசலில் நின்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படித்தார். குடித்தார், சண்டையிட்டார் என்ற அறிக்கை அப்பாவுடையது அல்ல, அது கோப்பிலிருந்து நீக்கப்படுகிறது. ‘விரும்பத்தகாதவர்’ என்ற சொல் எடுக்கப்பட்டு, கௌரவமாக விடுவிக்கப்பட்டவர் என்று புதிய சான்று தரப்படுகிறது. அணியை விட்டு விலகியிருந்த நாட்கள் அப்படியே இருக்கும், மனுதாரர் கேட்டுக்கொண்டபடி. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார்கள்: அந்த நாட்களில் அவர் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா அதை மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு, “சரியா இருக்கு,” என்றார். வெர்னானுக்குப் பொறுக்கவில்லை. “சரியா இருக்கா? நான் நாய் மாதிரி அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்கேன், சரியா இருக்குன்னு ஒரு வார்த்தையா? பின்லாந்துக்காரனுக்கு நல்லது செய்யவே கூடாது,” என்று திட்டிவிட்டு, என் ஏலக்காய் ரொட்டியைப் பாதிக்கு மேல் தின்று தீர்த்துவிட்டுத்தான் போனார்.

இன்னொன்றும் அதில் இருந்தது. குழு ஹார்லனின் பழைய விபத்துக் குறிப்பையும் வரவழைத்துப் பார்த்திருக்கிறது. லாரி கிடந்தது முகாமுக்குப் போகிற சாலையில் இல்லை. பள்ளிக்கூடச் சாலையில், ஊரைப் பார்த்து இறங்குகிற பக்கமாக. இறந்தவரின் பதிவிலோ பின்வாங்கும்போது விபத்து என்று இருக்கிறது.

அப்பா இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். தன் காகிதத்துக்கு ஒரு நாளும் வாய் திறக்காதவர், ஹார்லனின் பதிவைத் திருத்த வேண்டும் என்று வெர்னானைத் தினம் கூப்பிடுகிறார். உறவினர் யாராவது மனு போட வேண்டுமாம். கென்டக்கியில் ஹார்லனின் அக்கா இருக்கிறார், ஓப்பல் என்று பெயர். அவரோடு அப்பா போனில் பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். முதலில் அந்த அம்மா நம்பவில்லை போலிருக்கிறது. அப்பா பொறுமையாக, “அக்கா, நான் அவன்கூட லாரியில போனவன். நான் போன்னு சொன்னேன். அவன் போகல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்,” என்றார். பிறகு அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஹார்லன் சின்ன வயதில் எப்படி இருப்பான், என்ன பாடுவான், வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா என்றார். ஓப்பலும் தியெப்பின் தங்கை ஹானும் இப்போது கடிதம் போட்டுக்கொள்கிறார்கள். ஹான் தன் சாட்சியத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள். மனு போய்விட்டது.

மருத்துவமனையில் இப்போது அப்பாவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசிய அதே பெண்தான் பதிவு செய்தாள். எழுந்து வந்து கை கொடுத்தாள். மருத்துவர் இளம் வயதுக்காரர், உன்னைப் போல. கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்போம் என்றார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு ஏட்டைப் புரட்டினார். அப்பா அவரைத் தேற்றுகிற மாதிரி, “வந்துட்டோமே, டாக்டர்,” என்றார். நீ இந்தத் தொழிலில் இருக்கிறவள். நான் வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

அவருக்கு வலி அதிகம் இல்லை. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி தள்ளும் வண்டி போவதைப் பார்க்கிறார். புதிதாக வந்திருக்கும் பையன் வளைவில் பிளேடைத் தூக்காமல் போகிறான் என்று குறை சொல்கிறார். இன்று காலை சபைக்குப் போனோம். பாட்டு பாட மூச்சு பத்தவில்லை, புத்தகத்தை மட்டும் எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். புதிய சான்றைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “கைசாவுக்கு ஒரு நகல் அனுப்பலாமா?” என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். “காகிதத்தைப் பார்த்துட்டு அவ என்னை நம்ப வேண்டாம்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் உன்னைக் கோபித்து நான் பார்த்ததே இல்லை.

ஆகையால் நகல் வைக்கவில்லை.

அவர் உன்னிடம் எதையும் கேட்கச் சொல்லவில்லை. இது நான் கேட்பது. கோடையில் விடுப்பு எடுத்து வருகிறேன் என்று சொன்னாய். கோடையில் இங்கே நன்றாகத்தான் இருக்கும், உனக்கே தெரியும். ஆனால் விடுப்பை இப்போதே கேள், கண்ணு. குளிர் என்று பார்க்காதே. அறையில் கணப்பு மூட்டி வைத்திருக்கிறேன். நீ வந்து ஒன்றும் பேச வேண்டாம், மன்னிப்பு என்று எதுவும் யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். அவர் உன்னிடம் காப்பி குடிச்சியா என்று கேட்பார். ஆமாப்பா என்று சொல். அது போதும்.

நீ கையில் எடுக்கும் ஒவ்வொரு உயிரையும் கர்த்தர் உன்னோடு சேர்ந்து தாங்கட்டும். வழியெல்லாம் உனக்கு நல்ல வானம் இருக்கட்டும்.

எதிர்பார்த்திருக்கும்
உன் அம்மா, ஐலி